சில்லின் அழகும் பாரத்தின் கணக்கும்

கெப் வண்டி ஒன்று வீதியாற் செல்லும்போது வயதானவர்கள் அதன் பின்பெட்டியில் என்ன ஏற்றப்பட்டிருக்கின்றது என்று பார்ப்பார்கள். இளைஞர்கள் அதன் சில்லுகளைப் பார்ப்பார்கள். இரு சாராரும் பார்க்க வேண்டியதையே பார்க்கின்றனர். ஆனால் ஏற்றிய பாரத்துக்கும் அதைத் தாங்கும் சில்லுக்கும் இடையே உள்ள கணக்கைப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்தக் கணக்கை இவ்வாரம் நம் வாசகர்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க விரும்புகின்றோம். மோட்டார் வாகனம் பற்றிய பேச்சு குடும்பப் பகுதியில் எதற்கு என்று தாய்மார் எண்ணலாகாது. அந்த வண்டியிலே விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகின்றவர்கள் அவர்களுடைய பிள்ளைகளே.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கெப் வண்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. கிழமை நாட்களில் அது கடைக்குச் சரக்கு ஏற்றுகின்றது. கிழமை முடிவிற் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் குடும்பத்தை ஏற்றுகின்றது. மூட்டையையும் மனிதரையும் மாறி மாறிச் சுமப்பதனால் அதன் சில்லுக்கு மற்றைய வாகனங்களுக்கு இல்லாத பொறுப்பு உண்டு. மேலும், 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் மீளவும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டியையே பேணிக்கொள்ள வேண்டியிருந்தது. புது வண்டி வாங்க இயலாதவர் பழைய வண்டிக்குப் புதுச் சில்லுப் பூட்டி மனநிறைவு அடைவது இயற்கைதானே!

கொட்டாஞ்சேனையிலே பலசரக்கு வியாபாரம் செய்யும் நம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் இதுபற்றி ஒரு வாக்குவாதம் எழுந்தது. அவருடைய டபிள் கெப்பின் நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. பல்கலைக்கழகத்திற் படிக்கும் மகன், அகலமும் உயரமும் கூடிய டயர்களையும், வண்டியின் உடலுக்கு வெளியே சற்றுத் துருத்தி நிற்கும் கரிய அலோய் சில்லுகளையும் விரும்பினான். தந்தையோ, பஞ்சிகாவத்தையிற் பாவித்த டயர் மலிவாகக் கிடைக்கும், அதுவே போதும் என்றார். "உன் ஆசைக்கு என் கல்லாப்பெட்டி பதில் சொல்லுமோ?" என்று அவர் கேட்க, "அப்பா, பாவித்த டயருக்கு நம்முடைய உயிர் பதில் சொல்ல வேண்டி வருமே!" என்று மகன் சொன்னான். இருவரும் நம்மைத் தீர்ப்புச் சொல்லுமாறு கேட்டனர். தீர்ப்பை நாம் சொல்வதிலும் வண்டியே சொல்லட்டும் என்று, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர்களோடு அமர்ந்தோம்.

டயர் என்ன வேலை செய்கின்றது என்பதை முதலில் உணர வேண்டும். நம் முன்னோரின் மாட்டுவண்டிலிற் குடமும் ஆரக்காலும் வட்டையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கின. வட்டையைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டம் மரம் தேயாமற் காத்தது. மோட்டார் வண்டியிற் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் காற்றே. காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தர் உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் அது வழக்கில் நிலைக்கவில்லை. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் சிறு மகனுடைய முச்சக்கர சைக்கிளுக்காக அதனை மீண்டும் கண்டு 1888ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் சுகத்தை எண்ணிச் செய்த வேலையே இன்று உலகை உருட்டுகின்றது.

அந்த இறப்பரும் நமக்கு அந்நியமானதன்று. பிறேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பித்த கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. பின்னர் 1952ஆம் ஆண்டிற் சீனாவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கினோம். 1960களிற் சோவியத் நாட்டின் உதவியோடு களனியில் அரசாங்க டயர்த் தொழிற்சாலை எழுந்தது. அது பின்னர் தனியார் கைக்கு மாறியது. இன்றும் களனியில் டயர் செய்யப்படுகின்றது. ஆகவே டயரைப் பற்றி அறிவது நம் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி அறிவதும் ஆகும்.

இப்போது மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு சில்லின்மேல் 500 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 1,100 இறாத்தல் பாரம் இருக்கின்றது என்க. டயரிற் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அமுக்கத்திற் காற்று அடைக்கப்பட்டுள்ளது. 1,100ஐ 35ஆற் பிரித்தால் வருவது 31 சதுர அங்குலம். டயர் வீதியைத் தொடும் இடம் அண்ணளவாக அவ்வளவே. அப்பியாசக் கொப்பியின் ஓர் ஒற்றையிலும் குறைவு. நான்கு சில்லையும் கூட்டினாலும் விரித்து வைத்த ஒரு கொப்பியின் பரப்பளவுதான் தேறும். மழையிலே கடுகண்ணாவை ஏற்றத்தில் திரும்பும்போதும், நாய் குறுக்கே பாய்ந்து தடை போடும்போதும், இரண்டு தொன் எடையுள்ள வண்டியும் அதிலிருப்போரும் பற்றிக்கொண்டு நிற்பது அந்தச் சிறு பரப்பைத்தான். அதை எண்ணிப் பார்த்தவர்கள் டயரை அலங்காரப் பொருளாகக் கொள்ளமாட்டார்கள்.

அடுத்து, டயரின் பக்கச் சுவரை வாசிக்கப் பழக வேண்டும். அதிற் பொறித்துள்ள எழுத்துக்களும் இலக்கங்களும் டயரின் சாதகக் குறிப்பு. நண்பரின் வண்டியில் 265/65 ஆர் 17 112 எஸ் என்று காணப்பட்டது. 265 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர் என்னும் எழுத்து உள்ளிருக்கும் நூலடுக்கு ஆரைபோல் அமைந்திருப்பதைக் குறிக்கும். 17 என்பது சில்லின் விட்டம், அங்குலத்தில். 112 என்பது பாரச் சுட்டெண். அதன் பொருள் 1,120 கிலோகிராம். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும் என்பதற்கு அடையாளம்.

இவற்றைக் கொண்டு டயரின் முழு விட்டத்தை எளிதிற் காணலாம். 265இல் நூற்றுக்கு 65 பங்கு 172.25. சுவர் மேலும் கீழும் இருப்பதால் இருமடங்கு 344.5. பதினேழு அங்குலம் 431.8 மில்லிமீற்றர். இரண்டையும் கூட்ட 776.3 மில்லிமீற்றர் வருகின்றது. பதினெட்டு அங்குலச் சில்லுப் பூட்ட விரும்புவோர் 265/60 ஆர் 18 என்னும் டயரைத் தேர்ந்தால் விட்டம் 775.2, ஒரு மில்லிமீற்றரே வேறுபாடு. சில்லுப் பெருக்க, சுவர் குறுக, முழு உயரம் மாறாதிருக்கின்றது. சில்லை மாற்றுவதற்குரிய நேர்மையான வழி இதுதான்.

மகன் விரும்பியது 285/70 ஆர் 17. அதன் விட்டம் 830.8 மில்லிமீற்றர்; பழையதிலும் நூற்றுக்கு ஏழு பங்கு அதிகம். "ஏழு பங்குதானே, என்ன கெட்டுவிடும்?" என்று அவன் வினவினான். நல்ல கேள்வி, விடையையும் அவனைக்கொண்டே எழுதுவித்தோம். முதலாவது, வேகமானி முன்பு சரியாகக் காட்டியது என்று கொண்டால், இனி முள் 95இல் நிற்கும்போது வண்டி ஏறக்குறைய 102இல் ஓடும். தெற்கு அதிவேகப் பாதையின் எல்லை 100. இரண்டாவது, சில்லுப் பெருத்தால் எஞ்சின் அதைச் சுழற்றுவதற்கு அதிகம் முயல வேண்டும். சரக்கோடு மலையேறும்போது இது நன்கு தெரியும், எரிபொருளும் கூடும். மூன்றாவது, வண்டியை முன்போல் நிறுத்துவதற்குத் தடைக்கு ஏழு பங்கு கூடிய பலம் வேண்டும். தேரை இழுக்க ஆயிரம் கைகள் இருப்பினும் அதை நிறுத்துவது முட்டுக்கட்டை அல்லவா? தேரைப் பெருக்கிவிட்டு முட்டுக்கட்டையைப் பழையபடியே விடுவது அறிவாகாது. நான்காவது, இத்தனைக்கும் ஈடாகக் கிடைக்கும் தரையிடை உயரம் 27 மில்லிமீற்றர். ஓர் அங்குலத்துக்குச் சிறிது அதிகம். ஐந்தாவது, கெப்பின் அடியிலே தொங்கும் மேலதிகச் சில்லின் இடத்தில் இந்தப் பெரிய டயர் அடங்காமற் போகலாம். அப்பொழுது பழைய அளவிலுள்ள சில்லையே வைத்திருக்க நேரும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் அந்த இழுவையைப் பூட்டிய நிலையிற் சில்லுகள் வேறு வேறு அளவில் உருண்டால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும்.

பையன் கணக்கை முடித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான். தந்தையின் முகத்திலே வெற்றிக் களிப்புத் தோன்றியது. ஆனால் அவருடைய முறை இன்னும் வரவில்லை.

மறுநாள் மூவருமாகப் பஞ்சிகாவத்தைக்குச் சென்றோம். ஒரு கடையிலே விற்பனையாளர், "முதலாளி, ஜீப்பிலிருந்து கழற்றிய நல்ல சரக்கு, பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கிறது, பாருங்கள்" என்று நான்கு டயர்களை உருட்டி வந்தார். விலையும் புதியதிற் பாதிக்குக் குறைவு. நண்பர் பணப்பையிற் கை வைத்தார். மகன் குனிந்து பக்கச் சுவரை வாசித்தான். முந்தைய நாள் கற்றது வீண்போகவில்லை. அதில் 235/65 ஆர் 17 104 என்றிருந்தது. 104 என்னும் சுட்டெண் 900 கிலோகிராமைக் குறிக்கும். பின்சில்லுகள் இரண்டும் சேர்ந்து 1,800. முழுப் பாரம் ஏற்றிய டபிள் கெப்பின் பின்னச்சு ஏறக்குறைய அவ்வளவைத் தாங்க வேண்டி வரும். அப்படியானால் மேலும் ஒரு மூட்டைக்கு இடமில்லை. ஒரு குழியில் விழுந்து எழுவதற்கும் இடமில்லை. பழைய டயர்களின் சுட்டெண் 112 ஆதலால் அவை இரண்டும் 2,240 கிலோகிராம் தாங்கக் கூடியவை. மெல்லிய மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் சொல்லிவைத்தார். நம் நண்பர் ஏற்றுவது மயிற்பீலியன்று, அரிசியும் சீனியும்!

இன்னொன்றையும் மகன் கண்டான். பக்கச் சுவரிலே நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருந்தன: 3614. முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. அந்த டயர் 2014ஆம் ஆண்டின் 36ஆவது வாரத்திற் பிறந்தது. பள்ளம் ஆழமாக இருந்ததற்குக் காரணம் அது அதிகம் ஓடாமையே; ஆனால் ஓடாத டயரும் முதுமை அடையும். வெயிலும் காற்றிலுள்ள ஒட்சிசனும் இறப்பரை மெல்ல மெல்ல இறுகச் செய்யும். இழை இழையாக வெடிப்புத் தோன்றும். உள்ளே உருக்குக் கம்பியடுக்கும் இறப்பரும் பிரியத் தொடங்கும். ஐந்து ஆண்டு கடந்த டயரை வருடந்தோறும் பரிசோதிப்பிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டு கடந்ததைத் தேயாதிருப்பினும் நீக்கிவிட வேண்டும் என்றும் தயாரிப்பாளர் பலர் கூறுகின்றனர். நண்பர் பணப்பையிலிருந்து கையை எடுத்தார். "தம்பி சொன்னது சரி" என்று அவர் நம்மிடம் சொன்னாரேயன்றி மகனிடம் சொல்லவில்லை. அதுவும் தகப்பன்மாரின் வழக்கந்தான்.

டயரைத் தெரிந்த பின்னர் சில்லைத் தெரிய வேண்டும். தொழிற்சாலையிற் பூட்டிவந்த சில்லைக் கழற்றி வேறொன்றைப் பூட்டும்போது நான்கு பொருத்தம் பார்த்தல் அவசியம். கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் இதற்கு நான்காவது பார்க்க வேண்டாமா? முதலாவது, ஆணிப் பொருத்தம். பெரும்பாலான கெப் வண்டிகளிற் சில்லுக்கு ஆறு ஆணிகள். அவற்றின் மையங்கள் வழியே வரையும் வட்டத்தின் விட்டம் ரொயோட்டா ஹைலக்ஸ், மிற்சுபிசி எல்200 முதலியவற்றில் 139.7 மில்லிமீற்றர். முந்தைய நிசான் நவாராவிலோ 114.3. "ஆறு ஆணி, எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்பவரை நம்பலாகாது. இரண்டாவது, குடப் பொருத்தம். சில்லின் நடுத்துவாரம் வண்டியின் குடத்தைச் சரியாகத் தழுவி நிற்க வேண்டும். ஹைலக்ஸின் குடம் ஏறக்குறைய 106 மில்லிமீற்றர். எல்200இன் குடம் 67. துவாரம் சிறிதாயின் சில்லுப் பூட்டவே முடியாது. பெரிதாயின் இடைவளையம் இட்டு நிரப்ப வேண்டும். இல்லாவிடிற் சில்லு மையம் விலகி வேகத்தில் நடுங்கும்.

மூன்றாவது, ஒதுக்கப் பொருத்தம். குடத்தோடு ஒட்டும் முகம் சில்லின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் ஒதுங்கியிருக்கின்றது என்பதைக் குறிக்கும் இலக்கம் சில்லின் உட்புறத்தில் ஈ.ரி. என்ற எழுத்துக்களுடன் பொறிக்கப்பட்டிருக்கும். அது 30ஆக உள்ள வண்டிக்குச் சுழி இலக்கமுள்ள சில்லைப் பூட்டினால், சில்லு ஒவ்வொரு பக்கமும் 30 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். பார்வைக்குக் கம்பீரந்தான். ஆனால் குடத்திலுள்ள போல்றெயரிங் மீது விழும் பாரம் நெம்புகோல்போல் வெளியிலிருந்து அழுத்தும், சுக்கான் கனக்கும், குழியில் விழுந்தால் டயர் மட்கார்ட்டில் உரசும், சேறும் கல்லும் பின்னால் வருவோர்மீது தெறிக்கும். நான்காவது, நட்டுப் பொருத்தம். இரும்புச் சில்லுக்குக் கூம்பு முகமுள்ள நட்டும், சில அலோய் சில்லுகளுக்குத் தட்டை முகமுள்ள நட்டும் உரியன. ஒன்றின் நட்டை மற்றதற்கு இட்டால் இறுகியதுபோலத் தோன்றும், ஓட்டத்தில் தளரும். எந்தச் சில்லாயினும் புதிதாகப் பூட்டி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின்னர் நட்டுக்களை மறுபடி சரிபார்ப்பிப்பது கட்டாயம்.

அலோய் சில்லின் தரத்தை வெளிப்பூச்சினால் அறிய முடியாது. யப்பானியத் தரத்துக்கு அமைந்த சில்லில் ஜே.டபிள்யு.எல். என்ற முத்திரை காணப்படும். பாரவண்டிக்கு உரியதாயின் அதன் இறுதியில் ரி என்னும் எழுத்தும் இருக்கும். சில்லு எத்தனை கிலோகிராம் அல்லது இறாத்தல் தாங்கும் என்பதும் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். முத்திரையும் பாரக் குறிப்பும் இல்லாத சில்லைக் கெப் வண்டிக்கு வாங்காதிருப்பதே நன்று. வெள்ளவத்தையிற் கடற்கரையோரம் வண்டி நிறுத்துவோர்க்கு மற்றுமொரு செய்தி: உப்புக்காற்று இரும்புச் சில்லைத் துருப்பிடிக்கச் செய்யும், பூச்சுக் கீறுண்ட அலோய் சில்லையும் அரிக்கும். நல்ல நீராற் கழுவுதல் இரண்டுக்கும் மருந்து.

டயரின் முகத்தில் வெட்டியுள்ள பள்ளங்களிலும் வகையுண்டு. தார்வீதிக்கு உரியது ஒருவகை. தார்வீதிக்கும் கிறவல் பாதைக்கும் பொதுவானது இன்னொரு வகை. சேற்று நிலத்துக்கென்றே பெரிய பெரிய கட்டிகளாக வெட்டியது மூன்றாம் வகை. இளைஞர் மனத்தைக் கவர்வது மூன்றாவதே. ஆனால் கட்டிகள் பருத்திருப்பதால் அது ஈரத் தார்வீதியிற் பற்றுக் குறைந்தது, ஓசை மிக்கது, எரிபொருளையும் அதிகம் உண்ணும். காலி வீதியிலும் ஏ9 வீதியிலும் ஓடும் வண்டிக்கு முதல் வகை போதும். வன்னியிலோ மலைநாட்டிலோ காணி உள்ளவர்கள் இரண்டாம் வகையைத் தெரியலாம். சேற்று டயர் சேற்றில் வேலை செய்பவர்க்கே உரியது.

பள்ளம் தேய்ந்த டயரின் ஆபத்து மழையில் வெளிப்படும். பள்ளத்தின் தொழில் நீரை வெளியே கடத்துவது. அது கடத்தாவிட்டால் டயர் வீதியைத் தொடாமல் நீர்மேல் வழுக்கும். அகன்ற டயர் இன்னும் எளிதில் வழுக்கும். பிரித்தானியச் சட்டம் மோட்டார்க் காருக்கு 1.6 மில்லிமீற்றரை ஆகக் குறைந்த ஆழமாக விதித்துள்ளது. பள்ளங்களின் நடுவே சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து வரும் முகம் அந்த மேட்டோடு சமமாயிற்றென்றால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் நாட்டுப் பருவமழைக்கு அதுவரை காத்திராமல், மூன்று மில்லிமீற்றர் ஆனதும் மாற்றுவது விவேகம். இரண்டு டயர் மாத்திரமே வாங்கப் பணம் இருந்தாற் புதியவற்றைப் பின்பக்கம் பூட்ட வேண்டும். வெறுமையாக ஓடும் கெப்பிற் பின்பக்கம் இலேசானது. அது வழுக்கினாற் சாரதி வண்டியை மீட்பது அரிது.

இத்தனையும் சரியாய் அமைந்தாலும் காற்றுக் குறைந்தால் எல்லாம் கெடும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிரும், அதனாற் சூடேறும், சூட்டினால் உள்ளடுக்குப் பிரியும். இதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் அமெரிக்காவில் பயர்ஸ்ரோன் நிறுவனம் ஏறக்குறைய 65 இலட்சம் டயர்களைத் திருப்பி அழைத்தது. அவற்றுட் பெரும்பாலானவை போர்ட் எக்ஸ்புளோரர் என்னும் வண்டியிற் பூட்டப்பட்டவை; அவ்வண்டி ரேஞ்சர் கெப்பை ஆதாரமாகக் கொண்டு எழுந்தது. டயரின் மேற்பட்டை ஓட்டத்திற் கழன்று வண்டி புரண்டு, 200க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வண்டி செய்தவர்கள் 26 இறாத்தல் காற்றுப் போதும் என்றார்கள். டயர் செய்தவர்கள் 30 வேண்டும் என்றார்கள். டயரின் அமைப்பிலும் குறை காணப்பட்டது. வெப்பமான மாநிலங்களிலேயே விபத்துக்கள் மிகுந்தன என்பதை வெப்ப நாட்டவராகிய நாம் மறக்கலாகாது. அந்தத் துயரத்தின் பின்னர் வந்த சட்டத்தினாலேயே காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் கருவி அமெரிக்க வண்டிகளிற் கட்டாயமாயிற்று.

எத்தனை இறாத்தல் காற்று என்பது சாரதியின் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் எழுதப்பட்டிருக்கும். வெறும் வண்டிக்கு ஒன்று, பாரம் ஏற்றிய வண்டியின் பின்சில்லுக்கு இன்னொன்று. மாதம் ஒருமுறையேனும், ஓடிச் சூடேறுமுன் காலையிலே அளந்து பார்த்தல் வேண்டும். எல்.ரி. என்ற எழுத்துக்களைத் தாங்கிய பாரவண்டி டயரை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க: அதன் சுவர் தடித்தது, தாங்கும் பாரமும் பெரிது, ஆனால் அந்தப் பாரத்தைத் தாங்குவதற்குச் சாதாரண டயரிலும் அதிகக் காற்று வேண்டும். பழைய அளவுக் காற்றை அடித்துவிட்டுப் புதிய பலத்தை எதிர்பார்த்தல் பயனில்லை.

இறுதியில் நண்பர் குடும்பம் என்ன செய்தது என்று வாசகர்கள் கேட்கலாம். பழைய அளவிலேயே, 112 சுட்டெண்ணுடன், அண்மையில் உற்பத்தியான நான்கு புதிய டயர்களை வாங்கினார்கள். முகம் இரண்டாம் வகை. அது மகனின் விருப்பம். சில்லு தொழிற்சாலையில் வந்ததே. அது தந்தையின் விருப்பம். கறுப்புப் பூச்சு மட்டும் புதிதாக அடிப்பித்துக் கொண்டார்கள். டயரின் விலை நண்பருக்கு உறுத்தியது உண்மை. நான்கு டயருக்கும் கொடுத்த பணத்தில் ஒரு பிள்ளையின் பல மாதப் படிப்புச் செலவு அடங்கும் என்று அவர் சொன்னார். நாம் மறுக்கவில்லை. அந்த வண்டியில் ஏறுவதும் அதே பிள்ளைதான் என்பதை மட்டும் நினைவூட்டினோம்.

வேறு அளவிலுள்ள சில்லோ டயரோ பூட்டத் துணிவோர்க்கு ஒரு சொல். வாங்குமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று வினவுக. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்து விடையைப் பெற்று வைத்துக்கொள்க. விபத்து நேர்ந்த பின்னர் எழுதும் கடிதத்துக்குப் பலனில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அழகுணர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கோயில் தேரிற் சிற்பி சில்லையும் அழகாகத்தான் செதுக்குகின்றான். ஆனால் அச்சையும் குடத்தையும் அளந்து முடித்த பின்னரே உளியை எடுக்கின்றான். பிள்ளை அழகைக் கேட்கட்டும், தகப்பன் சிக்கனத்தைக் கேட்கட்டும். இருவரும் டயரின் பக்கச் சுவரை ஒருமுறை சேர்ந்து வாசிக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே வீட்டு வாசலில் நிற்கும் வண்டியருகே சென்று, அந்த நான்கு இலக்கங்களையும் பாரச் சுட்டெண்ணையும் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். ஒரு பாடமும் ஆகும். ஓர் ஆபத்து விலகியதும் ஆகும்.